பழித்துக் காட்டியவனின் முகம்

என் பெயர் ‘ப’வில் தொடங்குகிறது. நான் கடை வைத்திருக்கும் புத்தூரும் அதே வரிசைதான். எனக்குத் திக்குவாய். உதடுகள் இரண்டும் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், பிரிவதற்கு அவற்றுக்கே மனம் வரவேண்டும். அதனால் சிறு வயதிலேயே சொற்களைச் சுற்றிப் போகப் பழகிவிட்டேன். ‘பசளை’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘உரம்’ என்பேன். ‘புதன்கிழமை’ என்று சொல்லமாட்டேன். அன்று திங்களென்றால் ‘நாளையிண்டைக்கு’ என்பேன், அல்லது விரலால் கலண்டரைக் காட்டுவேன். நாற்பத்தேழு வயதுவரை இப்படியே சமாளித்தேன்.

உரமும் விதையும் பூச்சிமருந்தும் விற்கிற கடை அது. வருகிறவர்கள் எல்லோரும் தோட்டக்காரர், என்னைத் தெரிந்தவர்கள். நான் வாயெடுத்தால் மிச்சத்தை அவர்களே முடித்துத் தருவார்கள். என் மனைவியும் அப்படித்தான், கல்யாணமான நாளிலிருந்து. சில வேளைகளில் நான் நினைக்காத வசனமாக அது முடிந்துவிடும். அதற்கும் தலையாட்டிவிடுவேன். மறுத்துச் சொல்ல இன்னொரு வசனம் வேண்டுமே.

அன்று வைகாசி மாதத்து மத்தியானம். வெயிலுக்குச் சந்தியில் ஆள் நடமாட்டமில்லை. மனைவி சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். மேசையில் காசு போடும் லாச்சியைப் பூட்டி, திறப்பைத் தன் கைப்பைக்குள் கொண்டுபோயிருந்தாள். கடையில் என்னோடு இருந்தவர் ஒருவர்தான். நீர்வேலியில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் ஓர் அக்கா, இலைக்கு அடிக்கக் கந்தகத் தூள் வாங்க வந்திருந்தார். தராசுத் தட்டில் மஞ்சள் தூளைக் கொட்டி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவன் இறங்கவுமில்லை, என்ஜினை நிறுத்தவுமில்லை. பின்னால் இருந்தவன் முகம் முழுவதையும் மூடிய ஹெல்மெட்டுடன் உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் உரம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. நான் தராசு முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“லாச்சித் திறப்பை எடு.”

நிமிர்ந்தேன். அவனுடைய கையில் ஒரு குறுகிய துவக்கு. இரும்புக் குழாயும் மரப்பிடியும் வைத்து யாரோ பட்டறையில் செய்தது. அதன் வாய் என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. அக்கா சத்தமில்லாமல் உர மூட்டைகளுக்குப் பின்னால் குந்திவிட்டார்.

திறப்பு மனுசியிட்டை. சொல்லவேண்டியது இரண்டே சொல். சுற்றிப் போக வேறு சொல் அந்த நேரத்தில் எனக்கு அகப்படவில்லை.

“தி… தி… தி…”

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துவக்கை மேசையில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினான். தன் முகத்தை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்தான். உதட்டைக் கோணலாக இழுத்து, “தி-தி-தி-தி” என்று பழித்துக் காட்டிவிட்டுச் சிரித்தான்.

அதற்காகத்தான் கண்ணாடியை உயர்த்தினான். வேறு ஒரு தேவையும் அவனுக்கு இருக்கவில்லை. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு தழும்பு. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. நான் அதைப் பார்த்தேன்.

எனக்கு வாய்தான் மெதுவே தவிர, கை மெதுவில்லை. தட்டோடு தூக்கிக் கந்தகத்தை அவன் கண்ணுக்குள் கொட்டினேன். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். அவன் அலறிக்கொண்டு, துவக்கைப் பிடித்தபடியே சுழற்றி அடித்தான். அதன் குழாய் என் இடது மணிக்கட்டில் பட்டு எலும்பு வெடித்தது. பிறகு மூட்டைகளில் இடறி, கதவில் தோள் அடிபட்டு, மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய்விட்டான். ஒன்றையும் கொண்டுபோகவில்லை.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. “தம்பி, போயிட்டானோ?”

நான் தலையாட்டினேன். அவர் அங்கிருந்து என்னைப் பார்க்கமுடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

பொலிஸில் வாக்குமூலம் எழுதியவர் நல்ல மனிதர். ஆனால் அவரும் என் வசனங்களை முடித்துத் தரத் தொடங்கினார். “முகத்தைக் காணேல்லை, என்ன?” என்று கேட்டுக்கொண்டே எழுதப்போனார். நான் அவருடைய பேனாவைப் பிடித்து நிறுத்தினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒருவரையும் நிறுத்தியதில்லை. தாளை என் பக்கம் இழுத்து, கட்டுப் போட்ட கையால் அமத்திக்கொண்டு, நடந்ததை நானே மூன்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒருவனைப் பிடித்தார்கள். அவன் தங்கியிருந்த வீட்டு மாட்டுக்கொட்டிலில், வெறும் உரப் பை ஒன்றில் சுற்றியபடி அந்தத் துவக்கு இருந்ததாம். நீதவான் நீதிமன்றத்தில் அடையாள அணிவகுப்பு வைத்தார்கள். ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். தழும்பு தெரியாதிருக்க எல்லோருடைய இடது புருவத்திலும் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நான் நடந்துபோய் நான்காவது ஆளின் தோளைத் தொட்டேன். வாய் திறக்கவே தேவைப்படவில்லை. சட்டம் இவ்வளவுதானாக்கும் என்று நினைத்துக்கொண்டு அன்று வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன். கூட வந்த மற்றவன் இன்றுவரை அகப்படவில்லை.

வருடங்கள் போயின. மணிக்கட்டு பொருந்தியது. ஆனால் மத்தியானத்தில் கடையைப் பூட்டத் தொடங்கினேன். பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை. தோட்டக்காரருக்கு அதுதான் ஓய்வான நேரம். வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். காரணம் கேட்டவர்களுக்கு வெயில் என்று சொன்னேன். ‘வெ’ எனக்கு இலேசாக வரும்.

பிறகுதான் மேல் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. வழக்குக்கு முன் அரச சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டார். இளம் பெண். மேசையில் நான் எழுதிய மூன்று பக்கங்களும் இருந்தன.

“ஐயா, முகத்தைக் கண்டது நீங்கள் ஒருதர்தான். அந்த அக்கா மூட்டைக்குப் பின்னாலை இருந்திருக்கிறா. உங்கடை சாட்சியிலைதான் வழக்கு நிக்குது. இதிலை எழுதினதை உங்கடை வாயாலை சொல்லவேணும்.”

“எ… எழுதித் தந்தால்?”

“எழுதினது இருக்குது. கோட்டிலை நீதிபதி உங்கடை குரலைக் கேக்கவேணும். இன்னொண்டு, சொல்லுகளை மாத்திப்போடாதேங்கோ. ‘திறப்பு’ எண்டு எழுதியிருக்கிறியள். அங்கை போய் வேறை சொல்லுச் சொன்னால் அவையின்ரை லோயர் அதைப் பிடிப்பார்.”

அவருக்குத் தெரியாது, என்னுடைய ஒரே ஆயுதத்தை என்னிடமிருந்து வாங்கி வைத்துவிட்டார் என்று.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். காய்ச்சல் என்று சொல்லிவிடுவது. ஒரு வைத்தியச் சான்றிதழ் எடுப்பது. அப்படியே நடந்திருக்கும், அடுத்த நாள் ஒரு பெரியவர் கடைக்கு வராமல் இருந்திருந்தால்.

வெள்ளை வேட்டி, மடித்த குடை. பிடிபட்டு, வழக்கில் எதிரியாக நிற்பவனின் தாய்மாமன் என்று தன்னைச் சொன்னார். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். மிரட்டவில்லை. மிகவும் அன்பாகத்தான் கதைத்தார்.

“தம்பி, பெடியன் செய்தது பிழைதான். நான் ஞாயம் கதைக்க வரேல்லை. உம்மை நினைச்சுத்தான் வந்தனான். உமக்கோ கதைக்கக் கஷ்டம். அங்கை சனம் நிறைய இருக்கும். சிரிப்பினம். உம்மடை மரியாதையை ஏன் நீர் கெடுப்பான்?”

அவர் எழுந்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார். மனைவி உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவர் சொல்லுறதிலையும்…” என்று தொடங்கினாள்.

“நான் போறன்” என்றேன். அந்த இரண்டு சொல்லும் எங்கும் தட்டுப்படாமல் வந்தன. ‘போ’ எனக்கு எவ்வளவு கரைச்சலான எழுத்து என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த பன்னிரண்டு நாளும் மத்தியானத்தில், பூட்டிய கடைக்குள் நாங்கள் ஒரு நீதிமன்றம் நடத்தினோம். அவள் யூரியா மூட்டை மேல் ஏறி இருந்து நீதிபதியாகவும் இரு பக்கச் சட்டத்தரணியாகவும் கேள்வி கேட்டாள். நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று பதில் சொன்னேன். முதல் நாள் ‘தி’யில் நான் நின்றதும், அவள் பழக்கத்தில் “திறப்பு” என்று முடித்துவிட்டாள்.

“நீர் சொல்லக்கூடாது” என்றேன்.

“வாய் தன்பாட்டிலை வருது.”

பிறகு அவள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் கேட்டாள். நான் ஒரு சொல்லில் நிற்க நிற்க அவளுடைய கண் கலங்கும். ஆனால் கையை எடுக்கமாட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி அவள் கேட்டது அந்தப் பன்னிரண்டு நாளில்தான். திக்கு ஒன்றும் குறையவில்லை. ஆனால் நின்றுபோனால் மறுகரை ஒன்று இருக்கிறது, அங்கே போய்ச் சேரலாம் என்று தெரிந்துகொண்டேன்.

வழக்கு நாளில் மேல் நீதிமன்றம் நிரம்பித்தான் இருந்தது. நீதிபதி ஒரு பெண்மணி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எழுதுகிறவர். எதிரி கூண்டுக்குள் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். புருவத் தழும்பு அப்படியே இருந்தது. நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன்.

முதல் கேள்வியே என் பெயர்.

உதடு ஒட்டிக்கொண்டது. சுவர் மணிக்கூட்டின் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து யாரோ மெல்லச் சிரித்தார்கள். எதிரியின் சட்டத்தரணி எழுந்து, “கனம் கோட்டார் அவர்களே, அழைப்பாணையிலை பெயர் இருக்குது, அதையே பதிஞ்சால் என்ன?” என்றார்.

நீதிபதி தலையை நிமிர்த்தாமல் சொன்னார். “அவர் சொல்லுவார். நாங்கள் காத்திருப்போம்.”

நான் என் பெயரைச் சொன்னேன். எவ்வளவு நேரம் எடுத்ததென்று தெரியாது. சொல்லி முடித்தபோது தட்டச்சு செய்கிற பிள்ளை அதை அடித்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என்னைக் கூண்டில் நேராக நிமிர்த்தி நிற்க வைத்தது.

அரச சட்டத்தரணி ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ‘திறப்பு’ என்ற இடத்தில் நின்றேன், பிறகு கடந்தேன்.

“நீங்கள் திக்கினவுடனை எதிரி என்ன செய்தவர்?”

“கண்ணாடியை உயத்தினவர். முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தவர். பிறகு என்னைப் பழிச்சுக் காட்டினவர்.”

“எப்பிடிக் காட்டினவர்?”

நாங்கள் ஒத்திகை பார்க்காத கேள்வி அது. ஒரு கணம் யோசித்தேன். பிறகு என் முகத்தைக் கோணலாக்கி, அவனுடைய குரலில், “தி-தி-தி-தி” என்று செய்து காட்டினேன். சிரிப்பையும் சேர்த்து. ஒரு திக்கும் இல்லாமல் வந்தது. திக்குகிறவனை ஒருவன் எப்படிப் பழிப்பான் என்பதை என்னைவிட அதிகம் கேட்டவர் அந்த அறையில் யாருமில்லை. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அதுவரை என்னையே பார்த்துக்கொண்டு நின்ற எதிரி, தன் காலடியைப் பார்த்தான்.

குறுக்கு விசாரணை தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகு தொடங்கியது. எதிரியின் சட்டத்தரணி மூத்தவர், குரல் உயர்த்தாதவர்.

“சாட்சி, நீர் அண்டைக்குப் பயந்துபோய் நிண்டனீர்.”

“ஓம்.”

“துவக்கு நீட்டினால் எவரும் துவக்கைத்தான் பாப்பினம். முகத்தைப் பாக்கமாட்டினம்.”

“மு… முதல் துவக்கைத்தான் பாத்தனான்.”

“இப்ப நீர் இவ்வளவு தடுமாறுறீர். உண்மையைச் சொல்லுறவர் ஏன் தடுமாறவேணும்?”

நீதிபதி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். “சாட்சி தடுமாறவில்லை. திக்குகிறார். இரண்டும் வேறு. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்.”

சட்டத்தரணி வணங்கிவிட்டு மாற்றிக் கேட்டார். “சில விநாடிதான் அந்த முகத்தைக் கண்டனீர். வருஷக்கணக்குக்குப் பிறகும் அது இவர்தான் எண்டு எப்பிடிச் சொல்லுவீர்?”

அதற்கான பதிலை நான் தேடவேண்டியிருக்கவில்லை. வெளியே கொண்டுவரத்தான் நேரம் எடுத்தது. இடையில் மூன்று தரம் நின்றேன். ஆனால் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

“ஐயா, என்னைப் பழிச்சுக் காட்டின ஒருதரின்ரை முகத்தையும் நான் மறந்ததில்லை. இரண்டாம் வகுப்பிலை பழிச்ச ஆக்களின்ரை முகமும் எனக்குத் தெரியும். அவை இப்ப தலை நரைச்சுப்போய்க் கடைக்கு வருவினம். அவை மறந்திட்டினம். நான் மறக்கேல்லை. இவரையும் மறக்கமாட்டன்.”

சட்டத்தரணி தன் தாள்களைப் பார்த்தார். “வேறு கேள்வி இல்லை” என்று இருந்துவிட்டார். இரண்டேகால் மணித்தியாலம் நான் கதைத்திருந்தேன். அதற்கு முன் என் வாழ்க்கையில் ஒரே தடவையில் அவ்வளவு கதைத்ததில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு தீர்ப்பும் தண்டனையும் ஒரே நாளில் வந்தன. மனைவி வருகிறேன் என்றாள். நான் வேண்டாமென்றேன். “நீர் கடையைப் பாரும். மத்தியானத்திலையும் திறந்து வையும்” என்றேன். அவள் கடைத் திறப்பை எடுத்துக்கொண்டு, “ஓம்” என்றாள்.

தீர்ப்பில் நீதிபதி என்னைப் பற்றிச் சொன்ன இடம் மட்டும் எழுத்துக்கு எழுத்து மனத்தில் நிற்கிறது. “முதலாம் சாட்சி ஒவ்வொரு சொல்லையும் உழைத்துச் சொன்னார். அவருடைய சாட்சியத்தில் தேவையில்லாத சொல் ஒன்றுகூட இல்லை. அவர் எதிரியின் முகத்தைக் கண்டார் என்பதை இந்த மன்று ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறது.” ஆயுதத்தோடு கொள்ளையிட முயன்றது, அனுமதியில்லாமல் துவக்கு வைத்திருந்தது, இரண்டிலும் குற்றவாளி என்றார்.

தண்டனைக்கு முன் எதிரியின் சட்டத்தரணி இரக்கம் கேட்டார். இளம் வயது, தகப்பன் இல்லை, தாய்க்கு நோய் என்றார். அரச சட்டத்தரணி, பட்டப்பகலில் ஒரு சந்தியில் துவக்கோடு வந்த செயலை இலேசாக எடுக்கக்கூடாது என்றார். பிறகு நீதிபதி என்னைப் பார்த்தார். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டார்.

நான் எழுந்தேன். அந்த முறை யாரும் என்னை எழுப்பவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

“அம்மா, எத்தினை வருஷம் எண்டு சொல்ல எனக்குத் தெரியாது. அது உங்கடை வேலை. நான் சொல்லுறது ஒண்டுதான். அண்டையிலிருந்து மத்தியானத்திலை நான் கடை திறக்கிறேல்லை. பயம். அதைப் பயம் எண்டு ஒருதருக்கும் சொல்லேல்லை. இண்டைக்குத் திறந்து வைச்சிட்டுத்தான் இஞ்சை வந்து நிக்கிறன்.”

‘பயம்’ என்ற சொல்லில் இரண்டு தரமும் நின்றேன். வேறு சொல் இருந்தது. அச்சம் என்று சொல்லியிருக்கலாம், ‘அ’ எனக்கு எப்போதும் இலேசு. அந்தச் சொல்லைத்தான் சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது.

கொள்ளை முயற்சிக்கு ஏழு ஆண்டு கடூழியச் சிறை. துவக்குக்கு மூன்று ஆண்டு. ஒன்று முடிந்த பிறகு மற்றது. நீதிபதி வாசித்து முடித்ததும், என் நெஞ்சுக்குள் வருடக்கணக்காக யாரோ வைத்து அமத்திக்கொண்டிருந்த கை எடுபட்டது போல இருந்தது. வெளியே வெயிலில் வந்து நின்று மூச்சை இழுத்து விட்டேன். வென்றுவிட்டேன் என்று மனத்துக்குள் சொன்னேன். பிறகு வாயாலும் சொன்னேன், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்க.

படியில் அவனுடைய தாய் இருந்தார். வெங்காயம் நடுகிற பெண்களின் கை, நகக்கண்ணில் மண் போகாத கை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அது திக்கினால் வந்த மௌனமல்ல. கும்பிட்டேன். அவரும் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். அவ்வளவுதான். என் வெற்றியில் அந்த ஒரு இடம் இன்னும் நோகிறது. ஆனால் திரும்ப ஒருமுறை கேட்டாலும் அதே சாட்சியைத்தான் சொல்வேன்.

சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மூன்று மணிகூட ஆகவில்லை. கடைக் கதவு இரண்டும் அகலத் திறந்திருந்தன. உள்ளே ஏழெட்டுப் பேர். நீர்வேலி அக்காவும் வந்து, சுவரோரத்து மர வாங்கில் இருந்தார். வாசலில் ஒருவர் தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை நிறுத்தாமல் படபடவென்று ஓடவிட்டபடி, அவசரமாக ஒரு மூட்டை உரத்துக்கு நின்றார்.

“என்ன நடந்தது?” என்று அக்கா கேட்டார். எல்லோரும் வழக்கப்படி என் மனைவியைப் பார்த்தார்கள்.

அவள் தராசைத் துடைத்தாள். “அவரைக் கேளுங்கோ” என்றாள்.

“நான் சொல்லுறன்” என்றேன். “கனக்க நேரம் எடுக்கும்.”

உரத்துக்கு வந்தவர் வெளியே போனார். லான்ட்மாஸ்டரின் சத்தம் நின்றது. திரும்பி வந்து, மூட்டை ஒன்றின் மேல் வசதியாக ஏறி இருந்துகொண்டு, “ஆறுதலாச் சொல்லுங்கோ அண்ணை” என்றார்.

நீதிமன்றத்தில் என் பெயரைக் கேட்டார்களே, அந்த இடத்திலிருந்து தொடங்கினேன்.